ஈறு நோயும் தக்க வைத்தியரும்

பல் துலக்குகையில் ஈற்றில் இரத்தம் கசிவதை நம் அங்கத்தினர்களுட் பெரும்பாலோர் நோயாகவே கருதுவதில்லை. உடற்சூடு என்பர், உப்பு நீரால் கொப்பளித்துவிட்டுத் தறிக்குச் சென்றுவிடுவர். சொத்தைப் பல் ஒரே இரவில் மனிதனை ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிடும். ஈறு நோயோ வலியின்றிப் பல்லாண்டுகள் எலும்பை அரித்து, பற்கள் ஆடத் தொடங்கிய பின்னரே தன்னை அறிவிக்கும்.

அருப்புக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் சங்கப் பணியாகச் சுற்றி வருகையில், நாற்பது வயதிலேயே முன்பற்களை இழந்த நெசவாளரையும் மிளகாய் பயிரிடுவோரையும் நாம் கண்டிருக்கிறோம். இருந்த பற்களையும் பிடுங்கிவிட்டுப் பல் செட்டுக்காக நகையை அடகு வைத்தோரும் உண்டு. அப்பற்களுள் காக்கத்தக்கவை எத்தனை என்று அவர்கள் எவரையும் கேட்டாரில்லை.

பல்லின் அடியில் படியும் கிருமிப் படலம், உமிழ்நீரிலுள்ள சுண்ணச் சத்தால் இறுகிக் காறையாகிறது. காறை பிரஷுக்கோ பற்பொடிக்கோ அசையாது. ஈறு வீங்கிக் கசியும் இந்த முதல் நிலையில் சுத்தம் செய்தால் நோய் முற்றும் நீங்கும். விட்டுவிட்டால் ஈறு பல்லைவிட்டு விலகிப் பை போலாகும். உள்ளே எலும்பு கரையும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. நீரிழிவு உடையவர்க்கு இது விரைந்து முற்றும். முற்றிய நோய் சர்க்கரையையும் கட்டுப்படாமற் செய்யும். பீடி பிடிப்போர்க்கு இரத்தம் குறைவாகவே கசியும். அதனை நலத்தின் அறிகுறி என்று மயங்கலாகாது. புகை இரத்தக் குழாய்களைச் சுருக்கி நோயை மறைக்கிறது.

தீப்பெட்டி மருந்தே ஈற்றைக் கெடுத்தது என்று கருதும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னாளில் ஐரோப்பியத் தீக்குச்சித் தொழிலாளரின் தாடை எலும்பு அழுகியது உண்மை. அதற்குக் காரணம் வெள்ளைப் பாஸ்பரஸ். அத்தகைய தீக்குச்சிகளை இந்தியாவில் 1913-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சிவகாசியில் இத்தொழில் தோன்றியதோ 1923-இல். தீப்பெட்டியின் பக்கத்தில் பூசப்படும் சிவப்புப் பாஸ்பரஸ் அந்நோயைத் தருவதில்லை.

இனி, எவரிடம் செல்வது? தொடக்க நிலைக்குப் பி.டி.எஸ். பட்டம் பெற்ற பல் டாக்டரே போதும். காறையை அகற்றிய பின்னும் இரத்தம் நிற்காவிடினும், சீழ் வந்தாலும், பற்கள் ஆடினாலும், முன்பற்களிடையே புதிதாய் இடைவெளி தோன்றினாலும் நிபுணரை நாட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பலகையில் எம்.டி.எஸ். என்றிருந்தால் போதாது. அப்பட்டத்தில் பல பிரிவுகள் உண்டு. பற்களை வரிசைப்படுத்துவோரும் எம்.டி.எஸ்., குழந்தைப் பல் வைத்தியரும் எம்.டி.எஸ். 'பீரியடான்டிக்ஸ்' என்னும் ஈறு நோய்ப் பிரிவில் மூன்றாண்டு மேற்படிப்பு முடித்தவரா என்று கேட்க வேண்டும். பதிவு எண்ணையும் கேட்கலாம். பதிவு பெறாதவர் இவ்வைத்தியம் செய்யச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. கேட்பதற்கு நாணுவானேன்? சங்கத்தில் ஐந்து ரூபாய்க்கும் ரசீது கேட்கிறோம் அல்லவா?

பட்டத்தினும் மேலான அடையாளம் அவர் பரிசோதிக்கும் முறை. அளவுக்கோடுகள் பொறித்த மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் அளந்து எழுதுவார். மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு. அதற்கு மேற்பட்டால் பை ஆழ்ந்துள்ளதா என்று ஆராய்வார். எக்ஸ்-ரே பார்ப்பார், சர்க்கரை, புகையிலை பற்றி விசாரிப்பார். முதலில் வேர் வரை ஆழச் சுத்தம் செய்து, சுமார் இரண்டு மூன்று மாதங்களுக்குள் மீண்டும் அளப்பார். பை குறையாத இடத்திலேயே ஈற்றைத் திறந்து செய்யும் சிகிச்சை வேண்டியிருக்கும். அளவு எதுவும் எடாமல் எல்லாப் பற்களையும் எடுத்துவிடச் சொல்பவரிடம் பணம் கட்டுமுன் வேறொரு நிபுணரையும் பார்ப்பது நலம். ஒரே தடவையில் நிரந்தரமாகக் குணப்படுத்துவதாக வாக்களிப்பவரையும் நம்ப வேண்டா. சிகிச்சைக்குப் பின்னும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை காட்ட வேண்டிய நோய் இது.

சுத்தம் செய்தபின் பல் கூசுவதும் சற்று ஆடுவதும் கண்டு, பல் டாக்டரே கெடுத்துவிட்டார் என்று தூற்றுவோர் உளர். இறுகிய காறை, ஆடும் பல்லுக்கு முட்டுக்கட்டைபோல் நின்றிருந்தது. அது நீங்கியதும் பல்லின் உண்மை நிலை வெளிப்படுகிறது, அவ்வளவே.

தனியாரிடம் செலவு கட்டாதவர்க்கு வழிகள் இல்லாமலில்லை. விருதுநகரில் 2022 ஜனவரியில் திறக்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆஸ்பத்திரியிலும், மதுரை இராஜாஜி ஆஸ்பத்திரியிலும் முதலில் விசாரிக்கலாம். மதுரையிலுள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில், பேராசிரியர் மேற்பார்வையில் மேற்பட்டப் படிப்பு மாணவர் சிகிச்சை செய்வதால் கட்டணம் குறைவு. ஆனால் பல தடவை செல்ல நேரும். தொழிலாளர் காப்பீட்டு அட்டையுள்ள பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் சிவகாசி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வழியே செல்லலாம்.

செல்லும்போது பழைய எக்ஸ்-ரே, அண்மையில் பார்த்த சர்க்கரை அளவு, உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டு ஆகியவற்றைத் தவறாது எடுத்துச் செல்க. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்போர் அதனை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும், தாமாக நிறுத்திவிடலாகாது. எத்தனை தடவை வரவேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் எவ்வளவு ஆகும் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொண்டால், கூலி இழக்கும் நாட்களையும் கணக்கிட்டுக் கொள்ளலாம்.