பரிசு பெற்ற வாத்துச் சித்திரங்களும் வயலோரக் குட்டைகளும்

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதுவது)

சென்ற மாதம் எனது வட்டத்திலுள்ள ஒரு கிராமத்துக்குப் பசுந்தாள் எருவைப்பற்றிச் செய்துகாட்டும் பொருட்டுச் சென்றிருந்தேன். வேலை முடிந்தபின் அவ்வூர்ப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் தாம் சேகரித்து வைத்திருந்த ஸ்டாம்புகளை எடுத்துவந்து காட்டினார். அவற்றுள் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்தது. அதில் ஒரு காட்டுவாத்தின் உருவம் அச்சிடப்பட்டிருந்தது. “இதை எழுதியது ஆறு வயதுச் சிறுமி என்கிறார்கள். இது கடிதத்தில் ஒட்டவும் செல்லாதாம். அப்படியானால் இதை எதற்காக அச்சிடுகிறார்கள்?” என்று அவர் வினவினார். அவருக்கு அன்று நான் கூறிய விடை அரைகுறையானது. பின்னர் இது குறித்துப் படித்தறிந்தபோது, விஷயம் சித்திரத்தைக் காட்டிலும் விவசாயத்தையே அதிகமாகச் சார்ந்திருக்கக் கண்டு, நம் குடியானவ நண்பர்களுக்கும் தெரிவிக்கலாமென்று கருதி இதை எழுதலானேன்.

வாத்து ஸ்டாம்பின் பிறப்பே அந்நாட்டு விவசாய இலாகாவில்தான் நிகழ்ந்தது. 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவின் நடுச்சமவெளியில் கொடிய வறட்சி ஏற்பட்டு, உழுது திறந்துகிடந்த மேல்மண் காற்றில் புழுதிப்படலமாய்ப் பறந்துபோனது. குட்டைகள் வற்றின, அவற்றை நம்பிக் குஞ்சு பொரிக்கும் காட்டுவாத்துகளும் அருகின. அப்பொழுது அயோவா மாகாணத்துப் பத்திரிகையொன்றில் கேலிச்சித்திரம் எழுதிவந்த ஜே டார்லிங் என்பவரை, விவசாய இலாகாவைச் சேர்ந்திருந்த உயிரினப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவராக, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1934-ல் நியமித்தார். பதினாறு வயதுக்கு மேற்பட்ட வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் வருஷந்தோறும் ஒரு டாலர் ஸ்டாம்பை வாங்கவேண்டும் என்றும், அப்பணத்தைக்கொண்டு பறவைகளுக்கான நீர்நிலைகளைக் காக்கவேண்டும் என்றும் அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் சட்டமாயிற்று. நீர்நிலையில் வந்திறங்கும் இரு வாத்துகளை டார்லிங் அவர்களே முதல் ஸ்டாம்புக்கு எழுதிக்கொடுத்தார். அம்முதல் வெளியீட்டில் 6,35,001 ஸ்டாம்புகள் விற்பனையாயின. அதன் விலை 2015-ல் 25 டாலராக உயர்த்தப்பட்டது. இவ்வகையில் சேர்ந்த பணத்தால் காக்கப்பட்ட நிலம் அறுபது லட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது. கேலிச்சித்திரக்காரரை இலாகாத் தலைவராக்குவது விந்தையெனத் தோன்றலாம். ஆயினும் அவர் செய்த காரியம் என்னைப்போன்ற பட்டயம் பெற்றவர்கள் பலர் செய்ததைவிடப் பெரிது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தலைமை ஆசிரியர் காட்டியது இதன் இளைய தங்கை. பள்ளிப் பிள்ளைகளுக்கான வாத்து ஸ்டாம்புத் திட்டம் 1989-ல் தொடங்கப்பட்டது. நாடு முழுவதற்குமான முதற்போட்டி 1993-ல் நடந்தது. அடுத்த வருஷம் அதற்கெனத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. பாலர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலுள்ள மாணவர்கள் வயதுக்கேற்ப நான்கு பிரிவாகப் போட்டியிடுவர். ஒவ்வொரு மாகாணத்திலும் முதன்மையாகத் தேர்ந்த சித்திரங்கள் தேசியப் போட்டிக்குச் செல்லும். அங்கு முதலிடம் பெறுவது ஐந்து டாலர் ஸ்டாம்பாக அச்சாகும். அவ்வருமானம் பிள்ளைகளின் கல்விக்கும் பரிசுகளுக்கும் செலவிடப்படுகிறது. இதைக்கொண்டு நிலம் வாங்குவதில்லை.

சித்திரம் ஒன்பது அங்குல உயரமும் பன்னிரண்டு அங்குல நீளமும் உள்ளதாயிருத்தல் வேண்டும். அக்கண்டத்துக்குரிய வாத்து, பெருவாத்து, அன்னம் இவற்றுள் ஒன்றையே எழுதலாம். பென்ஸில், மை, வர்ணம் எதுவும் கூடும். ஆனால் பிரசுரமான பிறர் படத்தைப் பார்த்து அப்படியே எழுதுவது கூடாது. பறவையின் அங்க அமைப்பு பிழையின்றி இருக்கிறதா என்பதையும் நடுவர்கள் கவனிப்பர். ஆகவே பிள்ளையானது தான் எழுதும் பறவை எங்கு வாழ்கிறது, எதைத் தின்கிறது, எப்பருவத்தில் எந்த இறகு அணிகிறது என்பனவற்றைக் கற்றுக்கொண்டே தீரவேண்டும். சித்திரத்துடன், பறவைகளையும் நீர்நிலைகளையும் காப்பது பற்றி ஒரு சிறு வாசகமும் சொந்தமாக எழுதி அனுப்பலாம், அதற்கும் பரிசுண்டு.

இனி அந்த ஆறு வயதுச் சிறுமியின் வரலாறு. 2013-ல் முதற்பரிசு பெற்ற அவள் தெற்கு டக்கோட்டா மாகாணத்தைச் சேர்ந்தவள். தந்தை பறவைச் சித்திரங்கள் எழுதுபவர். பெரியோருக்கான வாத்து ஸ்டாம்புப் போட்டியில் முன்னரே வென்றவர். அவர் எடுத்த புகைப்படத்தை ஆதாரமாகக் கொண்டே மகள் எழுதினாள். பரிசு அறிவிக்கப்பட்டபின், புகைப்படத்திலிருந்து உருவரையைப் பிரதி எடுத்ததாக ஆட்சேபம் எழுந்து, பரிசு அவளிடமிருந்து நீக்கப்பட்டது. பிறகு மறுபரிசீலனை செய்து அதிகாரிகள் அதைத் திரும்ப அளித்தனர். அவ்வருஷம் இலையுதிர் காலத்தில் தந்தையும் அதே இனப் பறவையை எழுதிப் பெரியோருக்கான போட்டியில் மீண்டும் முதலிடம் பெற்றார். ஆறு வயதில் இத்தனை வழக்கு விவகாரத்தைக் காண நேர்ந்தது அச்சிறுமிக்குச் சற்று அதிகம்தான். ஆயினும் தகப்பன் ஏரோட்டும் வீட்டில் பிள்ளை கலப்பையைத் தொடுவதை யார் குற்றமென்று சொல்வர்?

தந்தையும் மகளும் எழுதிய பறவை கான்வாஸ்பேக் என்னும் இனம். ஆணின் முதுகு வெளுத்த கான்வாஸ் துணிபோல் இருப்பதால் இப்பெயர். தலை செங்காவி நிறம். நெற்றியும் அலகும் ஒரே சரிவாய் இறங்கும். நீரில் மூழ்கி, அடிச்சேற்றிலுள்ள பூண்டுகளின் கிழங்கைத் தோண்டித் தின்னும். குளிர்காலத்தில் அது பெரிதும் விரும்பி உண்ணும் வாலிஸ்னேரியா என்ற நீர்ப்பூண்டின் பெயரே அதன் சாஸ்திரப் பெயரிலும் சேர்ந்திருக்கிறது. கூடு கட்டுவதோ தேங்கிய நீரின்மேல், சம்பும் கோரையும் அடர்ந்த இடத்தில். நீர் வற்றினால் நரி எளிதில் கூட்டை அடைந்துவிடும். ஆகவே வறண்ட வருஷங்களில் இவ்வினம் வெகுவாகக் குறைந்துபோகிறது.

அத்தகைய நீர் எங்கே இருக்கிறது? கோதுமை வயல்களின் நடுவிலேதான். பல்லாயிரம் வருஷங்களுக்கு முன் அப்பிரதேசத்தை மூடியிருந்த பனிப்பாறைகள் உருகி விலகியபோது, தரையில் லட்சக்கணக்கான சிறு பள்ளங்கள் நின்றுபோயின. டக்கோட்டாக்கள், மின்னெசோட்டா, அயோவா, மொண்டானா ஆகியவற்றின் பகுதிகளிலும் வடக்கே கனடாவிலும் அவை பரவியுள்ளன. பனி உருகும் பருவத்தில் நீர் நிரம்பிக் கோடையில் சுருங்கும் இப்பள்ளங்களிலிருந்தே அக்கண்டத்து வாத்துகளில் ஏறக்குறைய பாதி உற்பத்தியாகின்றன.

இங்கு நாம் குடியானவனின் பக்கத்தையும் பார்த்தல் வேண்டும். வயல் நடுவே பள்ளமிருந்தால் ஏரோ டிராக்டரோ ஒவ்வொரு சாலிலும் அதைச் சுற்றிப் போகவேண்டும். சுற்றிலும் ஈரம் தங்குவதால் உழவும் விதைப்பும் பிந்தும். வரியோ முழு நிலத்துக்கும் கட்டவேண்டும். எனவே வடிகால் வெட்டி உலர்த்தினான். உலர்த்தச் சொன்னவர்களும் நம்மைப்போன்ற இலாகாக்காரர்களே. அதற்கு ஸர்க்கார் பணவுதவியும் செய்தது. ஒரு கையால் ஸ்டாம்பு விற்றுக் குட்டையைக் காத்த அதே ஸர்க்கார், மற்றொரு கையால் குட்டையை வடிக்கக் காசு கொடுத்துவந்தது. 1780-க்கும் 1980-க்கும் இடைப்பட்ட இருநூறு வருஷங்களில் தெற்கு டக்கோட்டா தன் ஈரநிலங்களில் 35 சதவீதத்தையும், வடக்கு டக்கோட்டா 49 சதவீதத்தையும், அயோவா 89 சதவீதத்தையும் இழந்துவிட்டதாக 1990-ல் வெளியான கணக்கொன்று கூறுகிறது. 1958-ல் ஸ்டாம்புச் சட்டத்தைத் திருத்தி ஒரு நல்ல வழி கண்டனர். நிலம் குடியானவனுக்கே சொந்தமாயிருக்கும். அவன் பள்ளத்தை வடிக்கவும் தூர்க்கவும் கொளுத்தவும் கூடாது. அதற்கு ஈடாக ஒருமுறை பணம் பெற்றுக்கொள்வான். வறண்ட வருஷத்தில் பள்ளம் தானாக உலர்ந்தால் அதில் உழுது பயிரிடவும் தடையில்லை. 1985-ல் மற்றொரு சட்டம் வந்தது. ஈரநிலத்தை உலர்த்திப் பயிர் செய்பவனுக்கு விவசாய உதவித்தொகை இல்லை என்றது அது. முன்னது குடியானவனின் கையைப் பிடித்தது. பின்னது அவன் காதைப் பிடித்தது. எனக்கு முன்னதே மேலாகத் தோன்றுகிறது.

2012-ல் முதற்பரிசு பெற்றவள் ஓஹையோ மாகாணத்து மாணவி. எழுதியது ஊசிவால் வாத்து. மேற்கூறிய கணக்கின்படி அம்மாகாணம் இழந்த ஈரநிலம் 90 சதவீதம். அதன் வடமேற்கில் பெருங்கருஞ்சதுப்பு என வழங்கிய ஒரு நிலப்பரப்பு முன்னாளில் இருந்தது. நீளம் சுமார் 120 மைல், அகலம் 40 மைல். வண்டி போக வழியில்லை, குளிர்ஜுரம் ஓயாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறியவர்கள் கால்வாய்கள் வெட்டியும், வயல்களுக்கு அடியில் சுட்ட மண்குழாய்களைப் பதித்தும் அந்நீரை ஈரி ஏரிக்கு வடித்தனர். அடியில் கிடைத்தது கரிய, மிக வளமான மண். அவர்கள் பட்ட பாடு அற்பமானதன்று; விளைந்த தானியமும் அற்பமானதன்று. பட்டினியையும் ஜுரத்தையும் ஓட்டியவர்களைப் பறவைப் பகைவரென்று தூற்றுவது நியாயமாகாது.

ஆனால் சதுப்பு செய்துவந்த ஒரு வேலையை யாரும் கணக்கில் எழுதி வைக்கவில்லை. வயல்களிலிருந்து வழியும் நீரைத் தேக்கி, வண்டலையும் அதிலுள்ள மணிச்சத்தையும் தன்னிடமே நிறுத்திக்கொள்வது அதன் இயல்பு. சதுப்பு மறைந்தபின், வயலுக்கிட்ட இரசாயன உரத்திலும் தொழு எருவிலும் மிஞ்சிய மணிச்சத்து குழாய் வழியாகவும் ஓடை வழியாகவும் நேரே ஏரியை அடைந்தது. பயிருக்கு எருவாவது நீலப்பச்சைப் பாசிக்கும் எருதானே! 2014 ஆகஸ்டு மாதத்தில் ஏரிக்கரையிலுள்ள டொலேடோ நகரின் குடிநீரில் அப்பாசியின் விஷம் கலந்திருக்கக் கண்டு, ஏறக்குறைய நான்கு லட்சம் ஜனங்கள் மூன்று நாள் குழாய் நீரைக் குடிக்கக்கூடாதென்று உத்தரவிட்டனர். காய்ச்சினாலும் அவ்விஷம் நீங்காது. அதன் பின்னர் அம்மாகாணத்தார் சில இடங்களில் வயல்களை மீண்டும் ஈரநிலமாக்கப் பணம் செலவிடத் தொடங்கினர். முப்பாட்டன் காசு கொடுத்து வடித்ததைக் கொள்ளுப்பேரன் காசு கொடுத்து நிரப்புகிறான்.

அம்மாணவி எழுதிய ஊசிவால் வாத்து நமக்கு அந்நியமன்று. அதே இனம் ஆசியாவின் வடபாகத்திலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தென்னிந்திய ஏரிகளுக்கு வருகிறது. செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கலிலும் அதைக் காணலாம். அங்கு நீரிலுள்ள கடப்ப மரங்களில் கூடு கட்டும் நாரை, கொக்கு முதலிய பறவைகளின் எச்சம் ஏரியில் கலந்து, பாசன நீரே எருநீராய் வயலுக்குப் பாய்கிறது. அதன் அருமையை அறிந்த ஊரார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளை யாரும் சுடலாகாதென்று கலெக்டரிடம் கௌல் பெற்றனர். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டனர். அவர்களுக்கு எந்த டிமான்ஸ்டிரேட்டரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சொல்லிக் கொடுத்தால் என்னவாகும் என்பதற்கு என் அநுபவத்திலேயே ஒன்று உண்டு. சுமார் பத்து வருஷங்களுக்கு முன் ஒரு குடியானவர் தம் நஞ்சையின் கடைமடையிலிருந்த அரை ஏக்கர் பள்ளத்தைக் காட்டி யோசனை கேட்டார். நான் சற்றும் தயங்காமல் தூர்த்துவிடும்படி சொன்னேன். இரண்டு போகம் நன்றாக விளைந்தது. மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் மேல்வயல் நீருக்குப் போக்கிடமின்றி, நட்ட பயிர் எட்டு நாள் மூழ்கி அழுகியது. கோடையில் அவர் கிணறும் முன்போல் ஊறவில்லை. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை; இன்றும் வழியில் கண்டால் இளநீர் வெட்டித் தருகிறார். சென்ற பங்குனியில் அப்பள்ளத்தில் பாதியை அவரே ஆள் வைத்துத் திரும்பத் தோண்டிவிட்டார்.

இவற்றையெல்லாம் தலைமை ஆசிரியரிடம் மறுமுறை சென்று விவரித்தேன். அவர் பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஊர்க்குட்டைக்கு அழைத்துச்சென்று, கண்டதை எழுதிவரச் சொன்னார். முப்பத்தொரு தாள்கள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை நாட்காட்டியில் உள்ள தாமரையும் அன்னமும்தான். குட்டையில் இரண்டும் கிடையா. ஒரு பெண் மட்டும் சேற்றில் பதிந்த கால்தடங்களை, விரலிடைத் தோலோடு, அளவு பிசகாமல் எழுதியிருந்தாள். பறவை எங்கே என்று ஆசிரியர் கேட்டதற்கு, “நான் கிட்டப் போனதும் பறந்துவிட்டது, ஐயா” என்றாள். நடுவராக இருந்த நான் அதற்கே முதற்பரிசு கொடுத்தேன். ஆசிரியருக்கு அதில் முழுச் சம்மதமில்லை. தாள்கள் யாவும் தை மாதம் நடக்கவிருக்கும் தாலுகா விவசாயக் கண்காட்சியில் நமது இலாகாப் பந்தலில் வைக்கப்படும். பார்ப்போர் தம் அபிப்பிராயத்தை அங்குள்ள புத்தகத்தில் எழுதலாம்.