2018 பிரித்தானியக் குளிர் அலை

2018 பிரித்தானியக் குளிர் அலை என்பது பெப்ரவரி இறுதியில் ஐக்கிய இராச்சியத்தைத் தாக்கிய கடுங்குளிர் ஆகும். பனிப்பொழிவுக்காக ஏங்கும் வானிலை ஆர்வலர்கள் இதனை முன்னரே எதிர்பார்த்தனர். பெப்ரவரி 12 அளவில் வடமுனைக்கு மேலே அடுக்கு மண்டலம் திடீரென வெப்பமடைந்து, துருவச் சுழலின் மேலைக்காற்று கீழைக்காற்றாக மாறியதே காரணம். இதன் விளைவு தரையை எட்டச் சில வாரங்கள் ஆகலாம், எட்டாமலும் போகலாம். ஆதலால் ஆர்வலர்கள் ஏறத்தாழ 1500 மீட்டர் உயர வெப்பநிலையைக் கவனிப்பர். அது -5 பாகை செல்சியசுக்குக் கீழிறங்கினால் பனி விழ வாய்ப்புண்டு. (பல குளிர்காலங்களில் இவ்வெதிர்பார்ப்பு வெறும் மழையில் முடிவதுண்டு.) இம்முறை சைபீரியக் குளிர்காற்று, தன்னைவிட வெதுவெதுப்பான வடகடலைக் கடக்கையில் ஈரம் பெற்று, கிழக்குக் கரையில் பனியாகப் பொழிந்தது. பெப்ரவரி 28 அன்று இசுக்கொட்லாந்தின் நடுப்பகுதிக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அன்றிரவு நெடுஞ்சாலையில் சிக்கிய பலர் வாகனங்களிலேயே விடியும்வரை இருந்தனர்.