பூனை குதித்ததா, பூமி குலுங்கியதா?

மடிக்கணினி கைதவறி விழுந்தால் ஹார்டு டிஸ்க் சேதமாகாமலிருக்க, சில மாடல்களில் அசைவை அளக்கும் உணரி ஒன்றை வைத்திருந்தார்கள். அதற்கு நிலநடுக்கம் மட்டும் தெரியாதா என்ன? தன்னார்வலர்களின் கணினிகளை இணையம் வழியே ஒரு சர்வரோடு இணைத்த ‘குவேக் கேட்சர் நெட்வொர்க்’ 2008-இல் அமெரிக்காவில் பிறந்தது இப்படித்தான். உணரி இல்லாத கணினிக்கு யுஎஸ்பி உணரி. அதைத் தரையோடு ஒட்டிவிட வேண்டியிருந்தது.

சரி, யாராவது கதவை அறைந்து சாத்தினால்? பூனை மேசைமேல் குதித்தால்? அந்த ஒரு கணினிதான் பதறும், சர்வர் கண்டுகொள்ளாது. அக்கம்பக்கத்துக் கணினிகள் பலவும் சில விநாடிகளுக்குள் ஒன்றாகப் பதறினால்தான் அது நிலநடுக்கம். மெல்லிய அதிர்வுகள் இதில் சிக்காது. 2010-இல் சிலியை 8.8 அளவு நிலநடுக்கம் உலுக்கியபின், பின்னதிர்வுகளைப் பதிய தன்னார்வலர் வீடுகளில் இவ்வுணரிகளைப் பொருத்தினார்கள்.