குட்டை நீரில் கொக்கின் பிம்பம்



பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஈயத்துக்கு உலகப் புகழ் பெற்றிருந்தது. ஈப்போ நகரம் வளர்ந்ததே அந்த ஈயத்தால்தான். தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப் பொருளாக நிற்கும் ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல் 1938-இல் கட்டப்பட்டு, 1982-இல் வேலையை நிறுத்தியது. 1985-இல் ஈயத்தின் விலை சரிந்ததும் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்தது, கரையில் புதர் மண்டியது, மீன் பெருகியது, மீனைத் தேடிப் பறவைகள் வந்தன. பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கிந்தா இயற்கைப் பூங்கா இத்தகைய குட்டைகளின் தொகுதியே. நாரை, வக்கா, வெள்ளைக் கொக்கு முதலியவை அங்கே கூடுகட்டி வாழ்கின்றன.

இப்பறவைகளையும் நீரில் தோன்றும் அவற்றின் பிம்பத்தையும் ஒருசேரப் படம் எடுக்க விரும்புவோர் சில உண்மைகளை அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, நேரம். அலையில்லாத நீரே நல்ல கண்ணாடி. சிற்றலை எழுந்தால் அந்தக் கண்ணாடி சில்லுசில்லாக உடைந்து, பிம்பம் நீண்டு சிதறும். வெயில் ஏறித் தரை சூடாகும்போது காற்றும் எழும். ஆகவே, சூரியன் உதிக்கும் ஏழு மணியளவிலிருந்து ஒரு மணி நேரமே நமக்கு உகந்தது.

இரண்டாவது, உயரம். செங்குத்தாக விழும் ஒளியில் நூற்றில் இரண்டு பங்கைத்தான் நீர் திருப்பி அனுப்பும். மீதி உள்ளே போய்விடும். சாய்ந்து விழும் ஒளியையோ பெருமளவு திருப்பிவிடும். மேட்டில் நின்று குனிந்து பார்ப்பவருக்குச் சேறும் பாசியும் தெரிவதும், நீர்மட்டத்தை ஒட்டிப் பார்ப்பவருக்கு வானமும் கொக்கும் தெரிவதும் இதனால்தான். எனவே கேமராவை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துங்கள்.

மூன்றாவது, குவியம். பிம்பம் நீரின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. பறவையிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து கேமராவுக்கும் ஒளி வரும் மொத்தத் தொலைவே பிம்பத்தின் தொலைவு. நீர்ப்பரப்பின் மீது குவியம் வைத்தால் மிதக்கும் இலைதான் தெளியும். நீரில் நிற்கும் கொக்கின் கண்ணில் குவியம் வையுங்கள். பிம்பமும் உடன் தெளியும்.

நான்காவது, ஒளியளவு. இருண்ட நீரைக் கணக்கிட்டுக் கேமரா அதிக ஒளியை ஏற்றால், வெள்ளைக் கொக்கின் இறகுகள் வெறும் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். ஒளியைச் சற்றுக் குறைத்தே எடுங்கள். நீரின் மினுமினுப்பைப் போக்கும் வடிகட்டிக் கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள். அது பிம்பத்தையும் சேர்த்து மங்கவைக்கக்கூடும்.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். வெயிலில் முட்டை கெடும். காகம் குஞ்சைக் கவ்வும். ஆதலால் தொலைநோக்கு வில்லையைக் கொண்டு எட்ட நின்றே எடுங்கள். இரை தேடும் கொக்கு திடீரெனக் கழுத்தை நீட்டி அசையாமல் நின்றால், "இதற்கு மேல் வராதே" என்று அது சொல்வதாகக் கொண்டு பின்வாங்குங்கள். பழைய ஈயக்குட்டைகளின் கரை இளகியது, நீரும் ஆழமானது. உங்கள் உயிருக்கும் அதுவே பாதுகாப்பு.

மனிதன் தோண்டிக் கைவிட்ட பள்ளத்தைப் பறவைகள் தம் வீடாக்கிக்கொண்டன. அந்த வீட்டுக்கு நாம் விருந்தினர். ஒரு படத்துக்காக ஒரு கூடு பாழாகுமானால், அந்தப் படம் எவ்வளவு அழகாயினும் நமக்கு வேண்டாம்.