பழைய ட்ரம்பெட் ஏன் திணறுகிறது?

அந்தமானிலுள்ள ரங்கத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. உப்பும் ஈரமும் பித்தளைக்கு ஆகாதவை. பேண்டு வாத்தியங்களுக்குப் பேர்போன மீரட்டின் ஜலி கோட்டியோ கடல் தாண்டி, வட இந்தியாவில் இருக்கிறது. பழைய ட்ரம்பெட்டை அவ்வளவு தூரம் அனுப்புமுன், கோளாறு எங்கே என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

சுரம் தாமதமாகப் பிடிக்கிறது, மெல்ல ஊதினால் வெறும் காற்றுதான் வருகிறது என்றால், பலரும் முதலில் குறை சொல்வது புனல் வாயில் விழுந்த நசுங்கலை. பெரும்பாலும் அது குற்றவாளி அல்ல. உதடு எழுப்பும் அதிர்வு புனல் வாய்வரை போய், ஒரு பகுதி திரும்பி வந்து உதட்டின் அடுத்த அதிர்வுக்குக் கைகொடுக்கிறது. வழியில் ஊசித்துளை அளவு கசிவு இருந்தாலும் அந்தத் துணை பலவீனமாகிவிடும். ஆகவே தேட வேண்டியது கசிவையும் அடைப்பையும்தான்.

முதலில் மவுத்பீஸையும் அது செருகும் குழாயையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். உள்ளே படிந்த அழுக்கே குழாயைக் குறுக்கிவிடும்.

அடுத்து எச்சில் வால்வு. பெரிய ஸ்லைடைக் கழற்றி ஒரு முனையை உள்ளங்கையால் மூடி, மறுமுனையில் ஊதுங்கள். காற்று தப்பினால் தக்கையை மாற்ற வேண்டும்.

பிறகு பிஸ்டன்கள். முதல் வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை ஓர் அங்குலம் இழுங்கள். சில விநாடி கழித்து வால்வை அழுத்தினால் 'டப்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பிஸ்டனோ ஸ்லைடோ தேய்ந்து காற்று விடுகிறது. மற்ற இரண்டையும் இப்படியே பாருங்கள். கெட்டியான வால்வு ஆயில் விட்டதும் ஊதுவது எளிதானால், பிஸ்டன் தேய்மானத்தின் மேல்தான் சந்தேகம் வலுக்கும்.

டப் சத்தம் சரியாக வந்தும் திணறினால் வால்வுகளின் ஃபெல்ட் திண்டைக் கவனியுங்கள். அது நைந்து தட்டையாகிவிட்டால் பிஸ்டன் துளையும் குழாய்த் துளையும் நேராகச் சேராது. பிஸ்டன்களைக் கழற்றிக் கழுவிய பிறகு ஒன்றுமே ஒலிக்கவில்லை என்றால், 1, 2, 3 என்று எண்ணிட்ட பிஸ்டன்கள் இடம் மாறியிருக்கலாம்.

கடைசியாக, மவுத்பீஸை அடுத்த குழாயில் செம்பு நிறப் புள்ளிகள் தெரிகின்றனவா? பித்தளையிலுள்ள துத்தநாகம் அரித்துப் போய்ச் செம்பு மட்டும் எஞ்சும் நோய் அது. பெரும்பாலும் உள்ளிருந்தே தொடங்கும். மெருகேற்றினால் குணமாகாது, குழாயையே மாற்ற வேண்டும்.

தக்கையும் ஃபெல்ட்டும் வீட்டிலேயே மாற்றக்கூடியவை. தேய்ந்த பிஸ்டனுக்கு முலாம் பூசிச் சீராக்குவதும் குழாய் மாற்றுவதும் பட்டறை வேலை. அனுப்பும்போது எந்த வால்வில் டப் கேட்கவில்லை என்பதை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். தேடுகிற வேலை அவர்களுக்கு மிச்சம், தேவையில்லாத செலவு உங்களுக்கு மிச்சம்.