முகவாய் அழகு சிகிச்சை: ஃபில்லரா, இம்ப்ளான்ட்டா? இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

"முகவாய் கொஞ்சம் உள்ளே போன மாதிரி இருக்கு, சரி பண்ணலாமா?"ன்னு யோசிக்கிற பெண்களுக்கான பதிவு இது. பண்ணலாமா வேண்டாமாங்கிறது உங்க முடிவு. எந்த முறைக்கு எவ்வளவு செலவு நீளும்னு மட்டும் பார்ப்போம்.

மூணு வழிகள்

1. ஃபில்லர்: ஹயலூரானிக் ஆசிட் ஊசி. அறுவை கிடையாது. சுமார் ஒரு வருஷத்துல கரைய ஆரம்பிக்கும். பிடிக்கலைன்னா மருந்து போட்டுக் கரைக்கவும் முடியும். ஆனா ரத்தக்குழாய்க்குள்ள போனா ஆபத்து. அதனால பார்லர்ல வேண்டாம், தகுதியான டாக்டர்கிட்ட மட்டும் போங்க.

2. இம்ப்ளான்ட்: பெரும்பாலும் சிலிக்கோன். ஒரே அறுவை, நிரந்தரம். தொற்று வந்தாலோ இடம் நகர்ந்தாலோ எடுக்க வேண்டி வரும். அது தனிச் செலவு.

3. ஜீனியோபிளாஸ்டி: முகவாய் எலும்பையே வெட்டி முன்னே நகர்த்தி, தகடும் திருகும் போட்டுப் பொருத்துவாங்க. நிரந்தரம். ஆனா லீவு அதிகம் தேவை. கீழ் உதடு கொஞ்ச நாள் மரத்துப்போகலாம், சிலருக்கு அது நீடிக்கவும் செய்யலாம்.

இப்போ கணக்கு

கணக்குக்காக ஃபில்லர் ஒரு தடவைக்கு ரூ.30,000னு வெச்சுக்குவோம். அழகுக்காக மட்டும் செய்ற சிகிச்சைக்கு ஜிஎஸ்டி தனி. வருஷம் ஒரு தடவைன்னா வரி இல்லாமலே 5 வருஷத்துல ரூ.1,50,000. இம்ப்ளான்ட் வரி இல்லாம ரூ.1,00,000ன்னா, அதோட முடிஞ்சது. முதல்ல மலிவாத் தெரிஞ்சதுதான் கடைசியில காஸ்ட்லி!

அடுத்தது கடன். ரூ.1,00,000 பர்சனல் லோன், 14% வட்டி, 24 மாசம்னா இஎம்ஐ சுமார் ரூ.4,800. வட்டி மட்டும் ரூ.15,000க்கு மேல. ஃபில்லருக்கு இப்படிக் கடன் வாங்கினா, ஃபில்லர் கரைஞ்சுடும், இஎம்ஐ கரையாது.

இன்ஷூரன்ஸ் வருமா?

அழகுக்காகன்னா வராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு, அல்லது உடல்நலத்துக்கு அவசியம்னு டாக்டர் சான்று இருந்தா விதிவிலக்கு உண்டு. மேல்பல், கீழ்ப்பல் சரியாச் சேரலையா? முதல்ல தாடை அறுவை நிபுணரைப் பாருங்க. அது அழகுப் பிரச்சினையா இல்லாம தாடை வளர்ச்சிக் குறைபாடா இருக்கலாம். அப்போ ஜிஎஸ்டி விலக்கும் கிடைக்க வாய்ப்பிருக்கு.

என்ன செய்யலாம்?

சந்தேகமா இருந்தா, ஒரு தடவை ஃபில்லர் போட்டு கண்ணாடியில ஒரு வருஷம் பாருங்க. கர்ப்பமா இருக்கீங்க, பால் கொடுக்குறீங்கன்னா தள்ளிப்போடுங்க. பிடிச்சிருந்தா, அந்த வருஷமே மாசம் ரூ.10,000 ஆர்டி போடுங்க. அடுத்த வருஷம் கடன் இல்லாமலே நிரந்தர முறைக்குப் போகலாம். எமர்ஜென்சி ஃபண்டை மட்டும் தொடாதீங்க.

இன்னும் விரிவான கணக்கு வீடியோவுல இருக்கு, பாருங்க!