ஊர் வழக்கைத் தீர்த்தவர் உயில் எழுதாமல் போனார்

குளத்தூர் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கேள்வி கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. முதல் மூன்று பக்கமும் அவருடைய அப்பாவைப் பற்றியது.

அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நிலம், அவரே கிரயம் வாங்கியது. மழை பெய்தால் மேட்டில் கடலை. கண்மாயில் தண்ணீர் நின்றால் கீழ் வயலில் நெல். ஊர்க் கோயிலுக்கு அவர்தான் பெரியவர். பங்குச்சாமி மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்லுவதும், கல்லறைத் திருநாளுக்கு முன் ஆள் கூட்டிப் புல் செதுக்குவதும், கோயில் கணக்கு எழுதுவதும் இவர் வேலை. கடலை பிடுங்கினால் முதல் மரக்கால் கோயிலுக்குப் போகும். அதன் பிறகுதான் வீட்டுக்கு.

அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கயிறு பிடித்து அளப்பார். சமாதானம் ஆனதும் ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குவார். “பேச்சு காத்தோட போயிரும், எழுத்துதான் நிக்கும்” என்பாராம்.

போன அறுவடையின்போது களத்தில் கடலைக்கொடி காய்ந்துகொண்டிருக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அடக்கத்துக்கு நான்கு ஊர் ஜனம் வந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தார்கள். ஊரார் எழுதிக்கொண்ட சமாதானத் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அவர் நிலத்துப் பத்திரமும் பட்டாவும் இருந்தன. உயில் மட்டும் இல்லை.

“உங்களுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே” என்கிறார்கள் தம்பிகள் இருவரும். “பத்து சென்ட் கோயிலுக்குன்னு பெரியவர் வாயால சொன்னார்” என்கிறார்கள் கோயில்காரர்கள். அம்மா எதுவும் பேசவில்லை. மகள் கேட்கிறார்: “எனக்கும் தங்கச்சிக்கும் அந்த நிலத்தில் பங்கு உண்டா? கேட்டால் அப்பா பேரைக் கெடுத்ததாகுமா?”

முதல் கேள்விக்கு முதலில் பதில். பங்கு உண்டு. மகன்களுக்கு எவ்வளவோ, உங்களுக்கும் அவ்வளவு.

உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்து 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக; ஆண், பெண் என்ற பேதம் இல்லை. உங்கள் வீட்டுக் கணக்கு இதுதான்: 300 சென்டில் அம்மாவுக்கு 100. நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 50. அம்மாவுடைய பங்கு உயிரோடு இருக்கும்வரை அனுபவிப்பதற்கு மட்டுமானதல்ல, முழு உரிமை. கல்யாணத்துக்குப் போட்ட நகையை இந்தப் பங்கில் கழிக்கவும் சட்டத்தில் இடமில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். பிரிக்கும்போது அது கணக்கில் வராது.

பக்கத்து மாநிலத்தில் இந்த உரிமைக்காக ஒரு மகள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பி.வி. ஐசக் நம் விவசாயிகளுக்கு வேண்டியவர். பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியல் அறிஞராக இருந்தவர். அவரும் உயில் எழுதாமல் இறந்தார். அப்போது கேரளத்தின் பழைய திருவிதாங்கூர் பகுதியில் 1916-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று நடப்பில் இருந்தது. மகன் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. ஐசக்கின் மகள் மேரி ராய் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். அங்கேயும் 1925-ம் ஆண்டுச் சட்டமே செல்லும் என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் தன் பங்கைக் கையில் வாங்க அதன் பிறகும் அவர் பல ஆண்டுகள் அலைந்தார். தகப்பன் எழுதியிருந்தால் ஒரு தாளில் முடிந்திருக்கும்.

அடுத்து, கோயிலுக்குச் சொன்ன பத்து சென்ட். வாயால் சொன்னதை வைத்து நிலம் மாறாது. ஆனால் அப்பாவின் ஆசை என்று அம்மாவும் நான்கு பிள்ளைகளும் நினைத்தால், ஐவரும் சேர்ந்து தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொடுக்கலாம். ஒருவருக்கு மனமில்லை என்றாலும் அவர் பங்கைத் தொடக்கூடாது. நெருங்கிய சொந்தம் உள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்கு உயில் எழுத முன்பு பல கட்டுப்பாடுகள் இருந்தன. சாவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்த 118-வது பிரிவை 2003-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே கோயிலுக்குக் கொடுக்க நினைப்பவர் இன்று தாராளமாக உயிலில் எழுதலாம்.

இப்போது செய்ய வேண்டியவை:

1. இறப்பை 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும். பதிந்திருந்தால் சான்றிதழில் பெயர், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

2. இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வழங்குபவர் வட்டாட்சியர். குளத்தூர் வட்டத்துக்கு அலுவலகம் கீரனூரில் இருக்கிறது. அம்மா பெயரும் மகள்கள் பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. வில்லங்கச் சான்று எடுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா பெயரில் பயிர்க்கடன், நகைக்கடன் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கடன் இருந்தால் அதைத் தீர்த்த பிறகு நிற்பதுதான் வாரிசுகளுக்கு.

4. பிரிக்க அவசரம் இல்லை என்றால் ஐவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கிக்கொள்ளலாம். பிரிப்பதானால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்க வேண்டும். வண்டிப்பாதையும் கிணற்றுத் தண்ணீர் முறையும் யாருக்கு எப்படி என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலான சண்டை அங்கேதான் முளைக்கிறது.

5. அப்பா பெயரில் பி.எம். கிசான் பணம் வந்துகொண்டிருந்தால் வேளாண்மைத் துறையில் தெரிவித்து நிறுத்துங்கள்.

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயம் இல்லை, பதிந்தால் நல்லது. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி இருவர் வேண்டும். கிறிஸ்தவர் எழுதும் உயிலில், சொத்துப் பெறுகிறவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதிய பாகம் செல்லாமல் போய்விடும். வீட்டுக்கு வெளியே உள்ள இருவரைக் கூப்பிடுங்கள். ஒரு மாலைப்பொழுது வேலை.

இனி இரண்டாவது கேள்வி. பங்கு கேட்டால் அப்பா பேர் கெடாது, சகோதரி. ஊரில் எத்தனையோ பேருக்கு அவர் செய்துகொடுத்தது இதைத்தானே? கயிறு பிடித்து அளந்தார், எழுதினார், இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கினார். தன் வீட்டுக்குச் செய்ய அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. அம்மாவை நடுவில் உட்காரவைத்து முதலில் அவர் மனதில் இருப்பதைக் கேளுங்கள். மூன்றில் ஒரு பங்குக்காரர் அவர். பங்கை வாங்கிய பிறகு தம்பியே உழட்டும் என்று விட்டுக்கொடுப்பதும் உங்கள் இஷ்டம். அதையும் ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அப்பாவுடைய பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.